அண்ணியின் இரண்டாவது வழி

கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் பாரிவாக்கத்தில் யாரும் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவார்கள். என் அண்ணி அப்படிச் சொல்லமாட்டார். கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த பகுதியை முழம் போட்டுப் பார்ப்பார். அதோடும் விடமாட்டார். தண்ணீருக்கு மேலே தெரியும் செங்கல் வரிசைகளை எண்ணிக் கிணற்றின் மொத்த ஆழத்திலிருந்து கழிப்பார். கயிறு சொன்னதும் செங்கல் சொன்னதும் ஒத்துப்போன பிறகுதான் குடத்தைக் கையில் எடுப்பார்.

"ரெண்டு வழியில வந்தாத்தான் தம்பி அது விடை. ஒரு வழியில வந்தா வெறும் பேச்சு" என்பார்.

அண்ணனுக்கு இது நல்ல தீனி. என்னைக்கூட இவள் இரண்டு வழியில் கணக்குப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டாள் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவார். அண்ணி அடுப்பைவிட்டுத் திரும்பாமலே பதில் கொடுப்பார்.

"ஒரு வழியிலதான் பாத்தேன். ரெண்டாவது வழி பாக்கறதுக்குள்ள எங்க நைனா தாம்பூலம் மாத்திட்டாரு. அதான் விடை இப்பிடி வந்து கீது."

அண்ணிக்குப் பிறந்த ஊர் ஐயப்பன்தாங்கல். படிப்பு நாலாம் வகுப்பு. நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் அதிகம் படித்தவன் நான்தான் என்று அண்ணன் கேலி செய்வார். ஆனால் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாலாம் வகுப்போடு அண்ணியின் படிப்பு நிற்கவில்லை.

அவர் கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த தகரப் பெட்டியில், புடவைகளுக்கு அடியில், ஒரு தடிப் புத்தகமும் சின்னத் தகர டப்பி ஒன்றும் இருந்தன. அவருடைய தம்பி பட்டணத்தில் கொஞ்சநாள் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டவர். அவர் விட்டுப்போன சாமான்கள். டப்பிக்குள் ஒரு கவராயம், அரைவட்டமாக ஒரு பித்தளைத் தகடு, மடித்து வைத்த ஒரு காகிதம். புத்தகத்தின் முதல் முப்பது பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. விடைகள் அச்சிட்ட கடைசிப் பக்கங்களையும் யாரோ கிழித்திருந்தார்கள். தலையும் இல்லை, வாலும் இல்லை. நடு உடம்பு மட்டும் அண்ணிக்குக் கிடைத்தது.

அதிலிருந்துதான் அவர் தொடங்கினார். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் களத்துக்குப் போவார். சாணி மெழுகிய தரையில் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டிச் சுற்றி வட்டம் போடுவார். அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இந்தக் கோலத்துக்குப் புள்ளியே இல்லியா?" என்று கேட்டாள். "நடுவுல ஒண்ணு கீது பாரு" என்றார் அண்ணி.

எதற்கு என்ன பெயர் என்று விளக்கிய பக்கங்கள் கரையான் வயிற்றில் இருந்ததால், அண்ணி தானே பெயர் வைத்துக்கொண்டார். இரண்டு கோடுகள் சந்திக்கிற இடம் வாய். செங்குத்தாக நின்றால் அது சுவர்மூலை. முக்கோணத்தின் சாய்ந்த பக்கத்தைப் புத்தகம் கர்ணம் என்றது. எங்கள் ஊரில் கர்ணம் என்றால் நிலக் கணக்கு எழுதுகிற அதிகாரி. அவர் எதற்கு முக்கோணத்துக்குள் வந்து படுத்திருக்கிறார் என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, அதற்கு ஏணி என்று பெயர் வைத்தார். சுவரில் சாத்திய ஏணி. கடைசிவரை அவருக்கு அது ஏணிதான்.

ஒரு கணக்கைப் போட்டு முடித்தால் சரியா தப்பா என்று சொல்ல ஆள் இல்லை. விடைப் பக்கமும் இல்லை. அதனால் அதே கணக்கை வேறொரு பக்கத்திலிருந்து போடுவார். இரண்டும் ஒன்றாக வந்தால் சிரிப்பார். வராவிட்டால் அன்று வீட்டில் ரசத்துக்கு உப்பு இருக்காது. வாத்தியார் இல்லாதவளுக்கு ரெண்டாவது வழிதான் வாத்தியார் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

டப்பியில் மடித்திருந்த காகிதத்தில் வரிசை வரிசையாக எண்கள் மட்டும் இருந்தன. மேலே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. ஆவடி ஸ்டேஷனில் ஒட்டியிருக்கிற ரயில் நேரம் இதுதான் என்று அண்ணன் அடித்துச் சொன்னார். "அரைக்கு மேல முக்காலுக்குக் கீழன்னு எந்த ரயில் வருது?" என்று அண்ணி கேட்டார். அந்தக் காகிதத்தோடு ஒரு மழைக்காலம் முழுக்க மல்லாடினார். ஓர் ஓரத்தில் ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை இருந்தது. பித்தளைத் தகட்டிலும் சுவர்மூலை வரை தொண்ணூறு கோடுகள். அப்படியானால் இது வாயைப் பற்றிய சங்கதி என்று கண்டுகொண்டார். முப்பதுக்கு நேரே சரியாக அரை என்று போட்டிருந்தது.

மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஏணியைச் சாத்தச் சொன்னார். தரையோடு முப்பது வாய் வரும்வரை அடியை நகர்த்தச் சொன்னார். நான் நகர்த்தினேன். ஏணி சுவரில் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று அளந்தார். ஏணியின் நீளத்தில் நேர் பாதி. இன்னும் நாலைந்து விதமாகச் சாத்தி அளந்தோம். எல்லாம் காகிதத்தில் இருந்தபடியே வந்தன. அன்று அண்ணி அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தேன். சாய்ந்த ஏணி எவ்வளவு ஏறும் என்பதை யாரோ ஒருவர் ஒவ்வொரு வாய்க்கும் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அதற்கப்புறம் ஏரிக்கரைப் பனைமரத்தை அளந்தார். பித்தளைத் தகட்டில் நூலும் கல்லும் கட்டி, தூரத்தில் நின்றபடி உச்சியைப் பார்த்து, காகிதத்தைப் பார்த்து, இத்தனை முழம் என்றார். மரமேறுகிறவர் இடுப்பில் கயிற்றோடு ஏறி உச்சியிலிருந்து தொங்கவிட்டார். கணக்கைவிட மூன்று முழம் அதிகம். பனைமரம் உனக்காகக் குனியுமா என்று அண்ணன் சிரித்தார். அண்ணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை சாணி தட்டிக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தார்.

"தம்பி, மரத்தை நின்னுகினு பாத்தேன். கண்ணு தரையிலயா கீது? மூணு முழம் மேல கீது. எல்லாத்தையும் அளந்தேன், என்னை அளக்காம உட்டுட்டேன்."

அப்பா காலமான மறு வருஷம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. இரண்டு குடும்பத்துக்கு ஒரு சமையற்கட்டு போதவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. பாகம் பிரித்துக்கொள்ளலாம் என்று அண்ணனே சொன்னார். எங்களுக்கு இருந்தது ஒரே பட்டாவில் அடுத்தடுத்து இரண்டு கழனிகள். பூந்தமல்லி ரோட்டை ஒட்டியது நேர்க்கழனி. நாலு மூலையும் சுவர்மூலை. அதற்கு உள்ளே, ஒரு வரப்பு தாண்டி, கோணல் கழனி. ஓடைக்காக வளைந்துகொடுத்ததில் அதன் இரண்டு பக்க வரப்புகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

ஊரில் நிலம் அளக்க ஒரு பெரியவர் இருந்தார். கோல்காரர் என்போம். பன்னிரண்டடி மூங்கில் கோலைத் தோளில் வைத்துக்கொண்டு வருவார். எதிரெதிர் வரப்புகளை அளந்து, கூட்டிப் பாதியாக்கி, நீளத்தை அகலத்தால் பெருக்குவார். அதுதான் வழக்கம். அவர் தாத்தா காலத்திலும் அப்படித்தான். கோலுக்குக் கோல் சதுரம் ஒரு குழி. நேர்க்கழனி இருபது கோல் நீளம், பதினைந்து கோல் அகலம், முந்நூறு குழி. கோணல் கழனியிலும் நீள வரப்பு இருபது, சாய்ந்த வரப்பு பதினைந்து. அதுவும் முந்நூறு குழி. ஆளுக்கு ஒன்று. கடவுளே பிரித்துவைத்த மாதிரி இருக்கிறது என்றார் கோல்காரர்.

மூத்தவன் பிரிக்க இளையவன் எடுக்க வேண்டும் என்பது முறை. நான் கோணல் கழனியைக் கேட்டேன். எல்லாருக்கும் ஆச்சரியம். காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. நேர்க்கழனி ரோட்டோரம் இருக்கிறது. சந்தைக்குப் போகிறவர்கள் வரப்பில் நின்று, என்னப்பா நாற்று, எப்போ களை என்று பேச்சுக் கொடுப்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வராது. உள்ளே இருக்கிற கழனியில் கொக்கைத் தவிர யாரும் வரமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பூந்தமல்லிக்குப் போய்ப் பத்திரம் பதிவு செய்வது என்று முடிவாயிற்று. அது செவ்வாய்க்கிழமை. அன்று மத்தியானத்திலிருந்து அண்ணி என்னிடம் பேசவில்லை.

சோறு போடுவார், முகம் பார்க்கமாட்டார். ஏதாவது கேட்டால் உம் என்பார். நான் பாகம் கேட்ட விதம் பிடிக்கவில்லையோ, என் மனைவி ஏதாவது சொல்லிவிட்டாளோ என்று எனக்குள் குடைந்தது. அவளுக்கு அது ஆறாம் மாதம். அவளும் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாள். தனிச் சமையல் தொடங்குவதற்கு முன்பே வீடு இரண்டாகிவிட்டது போலிருந்தது.

புதன்கிழமை உச்சிவேளையில் அண்ணி என்னைக் கோணல் கழனிக்குக் கூப்பிட்டார். பித்தளைத் தகட்டை வரப்புமூலையில் வைத்துப் பார்த்தார். ஐம்பத்து மூன்று. காகிதத்தைப் பார்த்தார். பிறகு உள்வரப்பிலிருந்து வெளிவரப்புக்கு நேர் குறுக்காகக் கயிறு பிடிக்கச் சொன்னார். கயிற்றைக் கோலால் அளந்தார். பன்னிரண்டு. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

என்ன அண்ணி என்று கேட்டேன்.

"ஒரு வழிதான் வந்து கீது தம்பி."

கயிறு ஒன்று, காகிதம் ஒன்று, அது இரண்டு இல்லையா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். இரண்டும் ஏணிக் கணக்கிலிருந்து வந்தவைதானாம். "ரெண்டாவது வழி மொத வழிக்குச் சொந்தக்காரனா இருக்கக்கூடாது. சாட்சி அசலூரானா இருக்கணும்" என்றார். எதைப் பற்றி என்று சொல்லவில்லை. நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன். வீட்டுக்குப் போனதும் அவர் அண்ணனிடம் பட்டாவைக் கேட்டது காதில் விழுந்தது. பட்டா அப்பாவின் பெட்டியில் இருந்தது. பத்திரம் எழுதுகிற நாள் காலையில் விளக்கேற்றித்தான் அந்தப் பெட்டியைத் திறப்பது என்று அண்ணன் வைத்திருந்தார். இரண்டு நாள் பொறுக்க முடியாதா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வண்டி வந்து நின்றது. பூந்தமல்லி பாய் ஒருவருடைய வண்டி. எங்கள் குடும்பத்துக்கு எப்போதும் அவர்தான். கோல்காரர் சாட்சிக் கையெழுத்துக்காக வெள்ளைத் துண்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். அண்ணன் விளக்கேற்றிப் பெட்டியைத் திறந்து பட்டாவை வெளியே எடுத்தார். கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் கை நீண்டது.

அண்ணன் கொடுத்தார். அண்ணி அதில் ஒரே ஓர் இடத்தைத்தான் படித்தார். ஒரு ஏக்கர் எழுபத்தெட்டு சென்ட். அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் பெருக்க ஆரம்பித்தார். மாடுகள் மணியை ஆட்டின. நல்ல நேரம் போகிறது என்றார் கோல்காரர். அண்ணி பெருக்கி முடித்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். அத்தனை ஆண்களுக்கு முன்னால் அவர் அப்படி வந்து நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சென்டுக்கு மூணு குழி. மேல ஒரு துளி. பட்டாப்படி மொத்தம் ஐந்நூத்து முப்பத்தெட்டு குழிதான் வருது. நீங்க அறுநூறுன்னு அளந்தீங்க" என்றார்.

கோல்காரர் சிரித்தார். அது ஊருக்கே தெரிந்த சங்கதி. எங்கள் பட்டாவும் எங்கள் குழியும் அப்பா காலத்திலிருந்தே ஒத்துப்போனதில்லை. சர்க்கார் சங்கிலி நீளம், அதனால் குறைவாகக் காட்டும் என்பார்கள். தீர்வை குறைவாகத்தானே வருகிறது, கேட்டு வைக்காதே என்று அப்பா சொல்லியிருந்தார். அடுத்த வீட்டுப் பட்டாவும் குழியும் மட்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. அண்ணி கேட்டார். அந்த வீட்டுக்கும் அதே சர்க்கார் சங்கிலிதானே? அவர்களிடம் கோணல் கழனி இல்லை, அவ்வளவுதான்.

கோல்காரர் முகத்தில் சிரிப்பு குறைந்தது. அண்ணி என் பக்கம் திரும்பினார். மூன்று நாளைக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, ஏணியை எடுத்தா."

கொட்டகைச் சுவரில் ஏணியை நட்டுக்குத்தலாக நிறுத்தினேன். அடியைப் பிடித்து மெல்ல மெல்ல வெளியே இழுக்கச் சொன்னார். இழுத்தேன். தலை சுவரில் வழுக்கி இறங்கியது.

"ஏணியில பதினோரு படி. படி கொறஞ்சுதா?"

இல்லை என்றார் கோல்காரர்.

"சுவத்துல ஏறின ஒசரம்?"

கோல்காரர் சுவரைப் பார்த்தார். அண்ணி இன்னும் இழுக்கச் சொன்னார். கடைசியில் ஏணி தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

"இப்பவும் பதினோரு படிதான். உங்க கணக்குல கழனி அப்பிடியே கீது. பயிரு எங்க வெக்கறது?"

வண்டிக்கார பாய்தான் முதலில் சிரித்தவர். "அண்ணாத்தே, படிய எண்ணிட்டு மாடி ஏறிட்டேன்னு சொல்லிகினு கீறே நீ" என்றார் கோல்காரரிடம்.

சாய்ந்த வரப்பு பதினைந்து கோல், ஆனால் அது ஏறியது பன்னிரண்டு கோல்தான் என்றார் அண்ணி. இருபதும் பன்னிரண்டும் இருநூற்று நாற்பது. நேர்க்கழனி முந்நூறு. இரண்டும் சேர்ந்தால் ஐந்நூற்று நாற்பது. பட்டா சொல்வதும் ஏறக்குறைய அதுதான். தம்பிக்கு அறுபது குழி குறைகிறது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சமமாக வேண்டுமானால் அண்ணன் பங்கிலிருந்து முப்பது குழி வர வேண்டும். இரண்டு போகத்துக்கும் சேர்த்து எனக்கும் பிறக்கப்போகிற குழந்தைக்கும் அது மூன்று மாதச் சோறு. அண்ணன் வீட்டிலும் அது மூன்று மாதச் சோறுதான். மூன்று நாளாக அண்ணி மனதில் வைத்திருந்தது இதுதான்.

கோல்காரர் அண்ணனுக்கு ஒரு வழி காட்டிக்கொடுத்தார். இளையவன் தானே வாய்விட்டுக் கேட்டு எடுத்துக்கொண்டது, முறை முடிந்துவிட்டது என்றார். அதிலும் நியாயம் இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து ஏணியின் படிகளை எண்ணினேன்.

அண்ணன் அண்ணியைத்தான் பார்த்தார்.

"நம்ம பங்குலேர்ந்து முப்பது குழி போவும். தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியும். ரெண்டு வழியிலயும் முப்பதுதான் வருது."

அண்ணன் கொஞ்ச நேரம் கரிக்கணக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஆனாலும் வரி வரியாகப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"பாய், மாட்டை அவுருங்க. கோல்காரரே, கோலை எடுங்க. வரப்பைத் தள்ளிப் போட்டுட்டு நாளைக்குப் பத்திரம் வெச்சிக்கலாம். இல்லாட்டி இவ எனக்கு ஆயுசுக்கும் சோத்தை ரெண்டு வாட்டி அளந்து போடுவா."

நான் ஏணி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே என் மனைவி அழுகிற சத்தம் கேட்டது. அண்ணி போய் அவளுக்குச் சோறு போட்டார். தானும் உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்று நாளாக அவரும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு கேட்டேன், செவ்வாய்க்கிழமையே சந்தேகம் வந்திருந்தால் என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று. உன் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன், அதனால்தான் பார்க்கவில்லை என்றார். ஒரு வழியில் வந்ததைச் சொல்லி, அது தப்பாகப் போயிருந்தால், அண்ணன் தம்பிக்கு நடுவில் விழுகிற விரிசலை எந்தக் காகிதம் பார்த்து அளப்பது என்று கேட்டார்.

அண்ணனும் நல்ல மனுஷன்தான், ஆனால் முப்பது குழி முப்பது குழிதானே. நாலைந்து நாள் அண்ணியிடம் சரியாகப் பேசவில்லை. ஐந்தாம் நாள் வைக்கோற்போரைப் பார்த்துக்கொண்டு நின்றவர், இதில் எத்தனை வண்டி இருக்கும் என்று கேட்டார். எந்த வழியில் வேண்டும் என்று அண்ணி கேட்டார். ரெண்டு வழியிலயும் சொல்லித் தொலை என்றார் அண்ணன். வீடு பழையபடி ஆகிவிட்டது. கோல்காரரும் அதற்கப்புறம் கோணல் நிலம் அளக்க வேண்டி வந்தால், வெற்றிலை வாங்க வந்தவர் போல எங்கள் வீட்டுப் பக்கம் வந்து, பேச்சுவாக்கில் அண்ணியிடம் கேட்டுக்கொண்டு போவார்.

அண்ணி போய் நாலு வருஷம் ஆகிறது. இப்போது யுத்தம் வந்து, ஆவடிப் பக்கம் பட்டாளத்துக் கொட்டகைகள் எழும்புகின்றன. முக்காலி மேல் குழாய் வைத்துக்கொண்டு துரைகள் நிலம் அளக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பித்தளைத் தகட்டில் கல் கட்டிய நூல் ஞாபகம் வரும். தகடும் காகிதமும் என்னிடம் இருக்கின்றன.

அன்று வரப்பு ஒன்றரைக் கோல் ரோட்டுப் பக்கமாகத் தள்ளிப் போயிற்று. ரோடும் எனக்கு ஒன்றரைக் கோல் கிட்டே வந்துவிட்டது. சந்தைக்குப் போகிறவர்கள் நின்று, என்னப்பா, நடு வரப்பு ஏன் இப்படி ரோட்டுப் பக்கம் தள்ளி வந்திருக்கிறது என்று கேட்கிறார்கள். ஆரம்பத்தில் குனிந்துகொண்டு களை பிடுங்குவேன். இப்போது நிமிர்ந்து, ஏணியைப் பற்றிச் சொல்கிறேன். ஏணி கதை முடிந்ததும் தலையை ஆட்டிக்கொண்டு கிளம்பப் பார்ப்பார்கள்.

"இருங்க, பட்டா வழி இன்னொண்ணு கீது. அதையும் கேட்டுட்டுப் போங்க" என்று நிறுத்திவிடுகிறேன்.